இன்ஜின் வேலை முடிந்தும் இழுவை இல்லையா?

கேள்வி: அண்ணே, 1997 மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து (போர் போட்டு), புது பிஸ்டன், ரிங் மாற்றி 400 கிலோமீட்டர் ஓடியாச்சு. ஐடிலிங் நன்றாக இருக்கிறது, மேட்டில்தான் திணறுகிறது. மறுபடி இன்ஜினை இறக்கணும் என்கிறார் மெக்கானிக்.

பதில்: இப்போதைக்கு இறக்க விடாதீர்கள் தம்பி. முதலில் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று, பிளக் ஓட்டையில் கேஜ் வைத்துப் பாருங்கள். மூன்று பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டர் அடிக்க வேண்டும். மிதிக்காவிட்டால் காற்று போதாமல் நல்ல இன்ஜினும் குறைத்துக் காட்டும். மூன்றுமே குறைவா? பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் இன்னும் படியவில்லை. ஏறாவிட்டால் என் சந்தேகம், கிராங்க்கின் சுற்றுக்கு ஏற்ப வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் மேல்தான்.

ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஐடிலிங்கும் நிற்கும், இழுவை மட்டும் போய்விடும். பெல்ட்டை மாட்டும்போது பல்சக்கரங்களின் டைமிங் குறி சரியாக இருந்தது என்பார்கள். டென்ஷனர் இறுக்கும்போது நகர்ந்திருக்கலாமே! கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிய பிறகு குறிகளைப் பாருங்கள். இதே இன்ஜின் உள்ள ஓர் ஆம்னியில் இன்ஜின் காற்றை உறிஞ்சும் அளவைக் காட்டும் வேக்கம் கேஜின் முள் ஆடாமல் 14 அங்குலத்தில் நின்றது. பெல்ட்டை ஒரு பல் மாற்றினேன், 19-க்கு வந்தது. வால்வுகள் இருக்கும் மேல் பகுதியான ஹெட்டைத் தொடவே இல்லை.

கேள்வி: எனக்கு கம்ப்ரஷன் கேஜில் இரண்டு சிலிண்டர் 12, ஒன்று மட்டும் 7. ஆயில் விட்டும் ஏறவில்லை.

பதில்: முதலில் அந்த சிலிண்டரின் டாப்பெட் கேப், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். வால்வு புதிதாக கிரைண்ட் செய்த ஹெட்டில் வால்வு உட்காரும் சீட் படியப் படிய கேப் குறையும். கேப்பே இல்லாவிட்டால் வால்வு முழுசாக மூடாது. கேப் சரியென்றால் பிஸ்டனை கம்ப்ரஷன் டாப்பில் நிறுத்தி, பிளக் ஓட்டை வழியே காற்று ஏற்றிக் காது கொடுங்கள். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் சீறினால் இன்லெட். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்.

கேள்வி: அதெல்லாம் சரி சார், வண்டி 60-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது.

பதில்: ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லி, த்ராட்டில் லிவர் கடைசிவரை போகிறதா என்று நீங்களே பாருங்கள். இன்ஜின் இறக்கி ஏற்றியதில் கேபிள் தளர்ந்திருக்கும். அப்புறம் பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கம் குழாய், கிளட்ச் நழுவல், பிடித்தபடி நிற்கும் பிரேக், இவற்றையும் பாருங்கள்.

கேள்வி: புது இன்ஜின் என்று 40-லேயே ஓட்டுகிறேன், சரிதானே அண்ணே?

பதில்: இல்லை தம்பி. எரியும் வாயுவின் அழுத்தம்தான் ரிங்கைப் போரோடு ஒட்டவைக்கிறது. சும்மா உருட்டினால் போர் வழுவழுப்பாகி ஆயில் குடிக்கும். இன்ஜின் சூடானதும் மூன்றாம் கியரில் பாதிக்கு மேல் மிதித்து ஏற்றுங்கள், விடுங்கள், மறுபடி ஏற்றுங்கள். ஒரே வேகத்தில் நெடுந்தூரம் மட்டும் வேண்டாம்.