1923 கடைசி நாலு மாசம்: வாசகர் கேள்விகள்

கேள்வி (திண்டுக்கல் வாசகர்): சார், போன இதழ்ல 1923 செப்டம்பர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் உலகமே ஆடிப்போச்சுன்னு ஒரு வரியோட விட்டுட்டீங்க. ஜெர்மனில நோட்டை அடுப்பெரிக்க போட்டாங்கன்றது நெஜமா?

பதில்: நெஜந்தான் தம்பி, விறகை விட நோட்டு மலிவாயிடுச்சு. முதல் உலகப்போர்ல தோத்த ஜெர்மனி குடுக்கவேண்டிய போர் நஷ்டஈடு ஒழுங்கா வரலைன்னு அந்த வருஷம் ஜனவரிலயே பிரான்சும் பெல்ஜியமும் ஜெர்மனியோட ரூர் பகுதிக்குள்ள படையை இறக்கிட்டாங்க, நிலக்கரி எல்லாம் அங்கதான், தொழிலாளிங்க வேலை செய்யமாட்டோம்னு உக்காந்துட்டாங்க, அவங்களுக்கு குடுக்க அரசாங்கம் நோட்டு அடிச்சுது, அடிச்சுகிட்டே இருந்துச்சு. நவம்பர்ல ஒரு டாலர் 4.2 லட்சம் கோடி மார்க்! ஆயுசு பூரா சேத்துவெச்ச பென்ஷன்காரங்க காசுல ஒரு ரொட்டி கூட வாங்க முடியல, எனக்கு அவங்களை நெனச்சாதான் மனசு கேக்கமாட்டேங்குது. நவம்பர் நடுவுல ரென்டன்மார்க்னு புதுசு விட்டாங்க, பழைய 1 லட்சம் கோடிக்கு புதுசு 1, அதுக்கப்புறம்தான் விலைவாசி நின்னுச்சு.

கேள்வி (ஈரோடு வாசகி): ஹிட்லர் தலைகாட்டினதும் அப்பதானா?

பதில்: மியூனிக்ல ஏற்கனவே தெரிஞ்ச ஆளுதான்மா, வெளிநாட்டு பேப்பர்ல எல்லாம் பேர் வந்தது இதுலதான். நவம்பர் 8 ராத்திரி ஒரு பீர் ஹால்ல துப்பாக்கியோட புகுந்து புரட்சின்னு அறிவிச்சார், மறுநாள் ஊர்வலமா போனப்ப போலீஸ் சுட்டுது, அவர் பக்கம் 16 பேரு, போலீஸ்ல 4 பேரு செத்தாங்க. 5 வருஷ தண்டனை, ஆனா 1924 டிசம்பர்லயே வெளிய விட்டுட்டாங்க.

கேள்வி (காரைக்குடி வாசகி): டோக்கியோ நிலநடுக்கத்துல இடிபாட்டை விட தீயில செத்தவங்கதான் அதிகம்னு படிச்சேன். ஏன் அப்படி?

பதில்: செப்டம்பர் 1, பகல் 11.58. நேரத்தை பாருங்கம்மா, வீட்டுக்கு வீடு மதிய சாப்பாட்டுக்கு அடுப்பு எரியுது, வீடெல்லாம் மரம், அன்னிக்கு காத்து வேற பலமா அடிக்குது. டோக்கியோவும் யோகோஹாமாவும் பத்திகிச்சு. ஹோன்ஜோன்ற இடத்துல ராணுவ துணிக்கிடங்கு இருந்த காலி மைதானத்துக்கு ஜனங்க மூட்டை முடிச்சோட தப்பிச்சு ஓடினாங்க, நெருப்பு சுழல்காத்தா மாறி அங்க வந்துச்சு, அந்த ஒரே மைதானத்துல சுமார் 38,000 பேரு. மொத்தம் 1 லட்சத்துக்கு மேல.

ஆனா அதுக்கப்புறம் நடந்ததை கண்டிப்பா சொல்லணும், நிறைய பேரு நிலநடுக்கத்தோட கதையை நிறுத்திடறாங்க. கொரியாக்காரங்க கிணத்துல விஷம் கலக்கறாங்க, தீ வைக்கறாங்கன்னு வதந்தி கிளம்புச்சு. கொரியா அப்ப ஜப்பான் கையில, பிழைக்க வந்த கூலித் தொழிலாளிங்க அவங்க. ஊருக்கு ஊரு ஆளுங்க மூங்கில் ஈட்டியோட தெருவுல நின்னு, போறவங்களை மறிச்சு '15 யென் 50 சென்' (யென், சென் ரெண்டும் ஜப்பான் காசு) சொல்லுன்னாங்க. ஜப்பான் மொழில அதை சொல்லும்போது வர்ற சில எழுத்து கொரியாக்காரங்க வாயில சரியா வராது. நாக்கு பிசகுனா உயிர் போச்சு. ஆயிரக்கணக்குல கொன்னாங்க, சீனாக்காரங்களும் செத்தாங்க, போலீஸும் ராணுவமும் கூட சேந்துதான் இதை பண்ணிச்சு. யோகோஹாமா பக்கம் சுரூமின்ற ஊர் போலீஸ் ஸ்டேஷன்ல ஒகாவா சுனெகிச்சின்னு ஒரு அதிகாரி மட்டும் சுமார் 300 பேரை உள்ள வெச்சு, வாசல்ல வந்த கூட்டத்தை தடுத்து காப்பாத்தினார், அந்த பேரை உங்க பிள்ளைங்களுக்கு சொல்லுங்க.

அந்த குழப்பத்துலயே செப்டம்பர் 16 அன்னிக்கு அமகாசுன்ற ராணுவ போலீஸ் கேப்டனோட ஆளுங்க, ஒசுகி சகாயேன்ற அரசியல் எழுத்தாளரையும் அவர்கூட வாழ்ந்த இதோ நோயேவையும் புடிச்சிட்டுப்போய் கொன்னாங்க. கூட இருந்த ஒசுகியோட தங்கச்சி பையனையும் விடல, அவனுக்கு வயசு 6. அமகாசுவுக்கு 10 வருஷ ஜெயில், மூணு வருஷத்துல வெளிய வந்துட்டான்.