ஆங்கில வாக்கியத்தில் எங்கே பிழை? கேள்வி பதில்

கேள்வி: "வாக்கிங் டு த ஸ்டேஷன், த ரெயின் ஸ்டார்ட்டட்" என்று எழுதினேன், தவறு என்கிறார்கள். என்ன தவறு?

பதில்: இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். "ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டே மழை பிடித்தது." காதிலேயே இடிக்கிறதா? நடந்தது யார், மழையா? தமிழில் வினையெச்சமும் வினைமுற்றும் பெரும்பாலும் ஒரே எழுவாயைத்தான் பற்றிக்கொள்ளும், ஆங்கிலத்தில் முன்னால் தொங்கும் "வாக்கிங்" சங்கதியும் அப்படித்தான், கமாவுக்கு அடுத்து யார் வருகிறாரோ அவர்தான் நடப்பவர் என்று வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். எனவே "ஆஸ் ஐ வாஸ் வாக்கிங் டு த ஸ்டேஷன், த ரெயின் ஸ்டார்ட்டட்" என்று நடப்பவரை உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். பாதிப் பேர் பின்பகுதியை மட்டும் மாற்றி மாற்றி எழுதிப் பார்க்கிறார்கள், முன்பகுதியைத் தொடுவதே இல்லை.

கேள்வி: "ஒன்லி" எங்கே வரவேண்டும்?

பதில்: எந்தச் சொல்லைக் குறிக்கிறதோ அதற்கு நேர் முன்னால். "ஒன்லி ஐ டோல்ட் ஹெர்" என்றால் நான் மட்டும் சொன்னேன், "ஐ டோல்ட் ஒன்லி ஹெர்" என்றால் அவளிடம் மட்டும் சொன்னேன். பேச்சில் யாரும் இவ்வளவு பார்ப்பதில்லை. எழுத்தில் பாருங்கள்.

கேள்வி: "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019" சரியா?

பதில்: இல்லை. "2019இலிருந்து வேலை செய்கிறேன்" என்று நாம் நிகழ்காலத்திலேயே சொல்லிவிடுவதால் வரும் பழக்கம் இது. அன்று தொடங்கி இன்றும் தொடர்கிறது என்றால் ஆங்கிலத்துக்கு "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்" வேண்டும்.

கேள்வி: பழைய விஷயம் என்றால் "ஹேட்" போடலாம் அல்லவா? "ஐ ஹேட் கான் தேர் யெஸ்டர்டே"?

பதில்: நம்மவர்களுக்கு "ஹேட்" மேல் ஏனோ தனிப் பாசம். பழையது என்பதற்காக அது வராது, நேற்று நடந்ததைத் தனியாகச் சொல்ல "ஐ வென்ட் தேர் யெஸ்டர்டே" போதும். கடந்தகாலத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் இருந்து, அதில் எது முந்தியது என்று காட்டவேண்டியிருக்கும்போதுதான் அதற்கு வேலை. "வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த டிரெயின் ஹேட் லெஃப்ட்" என்றால் நான் போவதற்கு முன்பே ரயில் கிளம்பிவிட்டது, அங்கே வெறும் "லெஃப்ட்" என்று எழுதினால் நான் போன நேரத்தில்தான் கிளம்பியது என்றாகிவிடும். "பிஃபோர்", "ஆஃப்டர்" இருந்தால் வரிசை தானே தெரியும், அப்போது "ஹேட்" இல்லாவிட்டாலும் பெரும்பாலும் தவறில்லை.

கேள்வி: "இஃப் இட் வில் ரெயின்"?

பதில்: "இஃப் இட் ரெயின்ஸ்." நாளைக்கு மழை வந்தால் என்ற பொருளில் "இஃப்" பகுதியில் "வில்" வராது, அடுத்த பகுதியில் வரட்டும்.