பாபநாசத்திலிருந்து திருச்சி ஏர்போர்ட்டுக்கு நேர் ரயில்: பணம் யார் போடுவார்கள்?

கேள்வி: பாபநாசம் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிறார். திருச்சிக்குத் தினமும் வேலைக்கும் படிப்புக்கும் போகிறவர்களும் அதிகம். மயிலாடுதுறை – திருச்சி பயணிகள் ரயிலை விமான நிலையம் வரை நீட்டிக்கச் சொல்லி எம்.பி.யிடம் மனு கொடுக்கப் போகிறோம். இதற்கு யார் பணம் கொடுப்பார்கள், எத்தனை வருடம் ஆகும், தண்டவாளத்தை ஒட்டியிருக்கும் எங்கள் வயல் போய்விடுமா?

பதில்: மனு எழுதும் முன்பு ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். திருச்சி விமான நிலையத்தை ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் பேர் பயன்படுத்துகிறார்கள். வருகிறவர், போகிறவர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5,500 பேர். பெட்டி, படுக்கை, வழியனுப்ப வரும் சொந்தங்கள் என்று வேன் பிடித்துப் போவதுதான் நம் ஊர்ப் பழக்கம். அதையும் மீறி ஐந்தில் ஒருவர் ரயிலுக்கு வருகிறார் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 1,100 பேர். தலைக்கு 50 ரூபாய் கட்டணம் என்றால் வருடத்துக்கு 2 கோடி ரூபாய்.

இப்போது செலவு. பெங்களூரு புறநகர் ரயில் திட்டத்துக்கு 2020-ல் ஒப்புதல் கிடைத்தது. 148 கி.மீ., 15,767 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு 106 கோடி. அதன் ஒரு தடம் தேவனஹள்ளியிலுள்ள கெம்பேகௌடா விமான நிலையத்துக்குப் போவதாகத் திட்டம். திருச்சியில் 6 கி.மீ. கிளைப் பாதை போடுவதாக வைத்து அதே விகிதத்தில் பார்த்தால் 636 கோடி. பெங்களூரில் பணத்தைப் பிரித்த விதம் மாநிலம் 20 சதவீதம், மத்திய அரசு 20 சதவீதம், மீதி 60 சதவீதம் கடன். ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கி, ஐரோப்பிய முதலீட்டு வங்கி மாதிரியான இடங்களில் கடன் வாங்குகிறார்கள். நம் கணக்கில் கடன் மட்டும் சுமார் 380 கோடி வரும். 4 சதவீதம் வட்டி என்றாலும் வருடம் 15 கோடி. வரவு 2 கோடி, வட்டி 15 கோடி! இதில் ஓட்டுநர் சம்பளமும் மின்சாரமும் சேரவில்லை.

ஆக, விமானப் பயணிகளை மட்டும் காட்டி எந்த நிதித்துறையிடமும் பணம் வாங்க முடியாது. திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையம் ஆண்டுக்கு 44 லட்சம் பேருக்கு மேல் கையாளும் அளவுக்குக் கட்டப்பட்டது. அது நிரம்பினாலும் இந்த வரவு இரண்டு மடங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ரயில் பிழைப்பது தினசரி சீசன் டிக்கெட்காரர்களால். சென்னையில் திரிசூலம் நிலையம் விமான நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. அது ஓடுவதற்குக் காரணம் விமானம் அல்ல. கடற்கரை – தாம்பரம் தடத்தில் ஏற்கெனவே இருந்த அலுவலகக் கூட்டம்.

தனியார் போடட்டுமே என்று மனுவில் எழுத உங்கள் குழுவில் யாராவது சொல்வார்கள். டெல்லி விமான நிலைய விரைவுத் தடம் அப்படித்தான் 2011-ல் ஓடத் தொடங்கியது. 2013-லேயே நடத்திய நிறுவனம் விலகிக்கொள்ள, டெல்லி மெட்ரோ நிறுவனம் ஏற்று நடத்த வேண்டியதாயிற்று. நஷ்டஈட்டு வழக்கு உச்ச நீதிமன்றத்தில் 2024 வரை போனது. மெட்ரோவும் இப்போதைக்குக் கைகொடுக்காது. 2017 மெட்ரோ கொள்கையின் 20 லட்சம் மக்கள்தொகை அளவைக் காட்டித்தான் கோவை, மதுரைத் திட்டங்களையே மத்திய அரசு 2025-ல் திருப்பி அனுப்பியது. திருச்சி அவற்றைவிடச் சின்ன ஊர்.

விமான நிலையத்திடம் பங்கு கேட்கலாம், அதற்கு முன்னுதாரணம் உண்டு. பெங்களூரில் கெம்பேகௌடா விமான நிலைய ஹால்ட்டைக் கட்டியது விமான நிலைய நிறுவனம்தான். ஏற்கெனவே இருந்த பாதையின் ஓரத்தில் ஒரு சின்ன நிறுத்தம், அங்கிருந்து முனையத்துக்கு இணைப்புப் பேருந்து. 2021 ஜனவரியில் முதல் ரயில் நின்றது. ஆனால் கூட்டம் வரவில்லை. நாளுக்குச் சில ரயில்கள்தான், அதுவும் விமான நேரத்துக்குப் பொருந்தாதவை. நிலையம் இருந்தும் ரயில் இல்லாத கதை. எனக்கு இது டெல்லிக் கதையைவிட முக்கியமாகத் தோன்றுகிறது, ஏனென்றால் உங்கள் மனு கேட்பதும் கிட்டத்தட்ட இதைத்தான். அப்புறம் ஒன்று: 2021-ல் மத்திய அரசு வெளியிட்ட பணமாக்கல் பட்டியலில், அதாவது அரசுச் சொத்துகளைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டுப் பணம் திரட்டும் பட்டியலில், திருச்சி விமான நிலையமும் இருந்தது. குத்தகைக்கு விடும் நாள் வந்தால், ரயில் இணைப்புக்குப் பங்கு தர வேண்டும் என்ற நிபந்தனையை டெண்டரிலேயே எழுத வைக்க வேண்டும். ஒப்பந்தம் போட்ட பிறகு யாரும் சல்லிக்காசு தரமாட்டார்கள்.

சரி, உங்கள் ஊரில் உண்மையான முடிச்சு எங்கே இருக்கிறது? திருச்சி – தஞ்சாவூர் இரட்டைப் பாதை. தஞ்சாவூரைத் தாண்டி திட்டை, அய்யம்பேட்டை, பாபநாசம், கும்பகோணம், மயிலாடுதுறை என்று போவது ஒற்றைப் பாதை. எதிர் வண்டிக்காக நிற்கிற வண்டியில் யாரும் விமானம் பிடிக்கப் போகமாட்டார்கள். திருச்சி ஜங்ஷனிலிருந்து விமான நிலையம் 5 கி.மீ. சொச்சம்தான், அது நகரப் பேருந்து தீர்க்கக்கூடிய தூரம். மனுவின் முதல் வரி தஞ்சாவூர் – மயிலாடுதுறை இரட்டைப் பாதை என்று இருக்கட்டும். இரண்டாவது, இப்போதே முடியக்கூடியது: காலையும் மாலையும் ஒரே இடைவெளியில் மெமு (குறுந்தூர மின்சாரப் பயணிகள்) ரயில், அதன் வருகைக்கு ஏற்ற விமான நிலையப் பேருந்து. கிளைப் பாதைக்கு ஆய்வு வேண்டும் என்பதை மூன்றாவதாக வையுங்கள்.

எத்தனை வருடம் என்றால், முதலில் சர்வே, பிறகு இறுதி இட ஆய்வு, விரிவான திட்ட அறிக்கை, ரயில்வே வாரியம், கடைசியில் எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு பணம் என்று சொல்லும் பட்ஜெட்டின் பிங்க் புக். அந்தப் புத்தகத்தில் பெயர் வந்துவிட்டது என்று பட்டாசு வெடிக்காதீர்கள். 1,000 ரூபாய் ஒதுக்கீட்டோடு பல வருடம் கிடந்த திட்டங்கள் நம் மாநிலத்தில் உண்டு. பணம் இருந்தாலும் நிலம் வேண்டும். சென்னையில் வேளச்சேரி – பரங்கிமலை பறக்கும் ரயில் நீட்டிப்பு வெறும் 5 கி.மீ. மூன்றில் இரண்டு பங்கு மாநிலம், ஒரு பங்கு ரயில்வே என்று பணமும் பிரித்தாகிவிட்டது. 2008-ல் தொடங்கியும், ஆதம்பாக்கத்தில் சுமார் அரை கி.மீ. நிலத் தகராறால் 15 ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது.

டெல்டாவில் இதற்கு மேல் தண்ணீர்க் கணக்கு ஒன்று இருக்கிறது. தஞ்சாவூரைத் தாண்டியதும் வெண்ணாறு, வெட்டாறு, அப்புறம் எண்ணற்ற வாய்க்கால்கள். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். ஆற்றுக்குள் பாலத்தூண் வேலைக்குக் கிடைப்பது பிப்ரவரி முதல் ஜூன் தொடக்கம் வரைதான். ஒரு கோடையைத் தவறவிட்டால் ஒரு வருடம் போச்சு. வண்டல் களிமண்ணில் மண்கரை போட்டால் அது அமுங்கி நிலைக்கவும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் வடிகால். கரை உயரமாகவும் அடியில் விடும் மதகு சின்னதாகவும் இருந்தால், ஐப்பசி கார்த்திகை மழையில் மேல்பக்கத்துச் சம்பா பயிர் அழுகும். எந்த வாய்க்கால், எந்த வடிகால், பெருமழையில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கும் என்று கிராமத்திலேயே பட்டியல் எடுத்து, இறுதி இட ஆய்வின்போது ரயில்வேக்கும் நீர்வளத்துறைக்கும் எழுத்தில் கொடுங்கள். கரை எழும்பிய பிறகு மதகைப் பெரிதாக்கச் சொன்னால் நடக்காது.

வயல் விஷயம். விமான நிலையக் கிளைப் பாதை திருச்சிப் பக்கம்தான் பிரியும், அதற்காக உங்கள் நிலம் போகாது. இரட்டைப் பாதைக்குப் பெரும்பாலும் ரயில்வேயின் சொந்த இடமே பயன்படும்; வளைவிலும் பாலத்தருகிலும் கொஞ்சம் கேட்கலாம். ரயில்வே சட்டப்படி அறிவிப்பு வந்தால் ஆட்சேபனை சொல்ல 30 நாள். இழப்பீட்டை 2013 நில எடுப்புச் சட்டத்தின் முறையில் கணக்கிடுவார்கள். வழிகாட்டி மதிப்பு, சுற்றுவட்டாரத்தில் முந்தைய மூன்று வருடக் கிரயப் பத்திரங்களில் விலை கூடிய பாதியின் சராசரி, இவற்றில் எது அதிகமோ அதை எடுத்து, கிராமப்புறம் என்றால் மாநிலம் நிர்ணயித்த காரணியால் பெருக்கி, அதற்குச் சமமாக ஆறுதல் தொகையும் சேர்ப்பார்கள். பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போடும் பழக்கம் இங்கேதான் கடிக்கும்.

கோயில் நிலத்தையோ அடுத்தவர் நிலத்தையோ குத்தகைக்கு உழுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். மூன்று வருடமாக அந்த நிலத்தை நம்பி வாழும் குத்தகைதாரரும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான் என்கிறது 2013 சட்டம். ஆனால் காகிதம் வேண்டும். தமிழ்நாட்டின் 1969 குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி குத்தகைதாரர் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று தாலுகா அலுவலகத்தில் இந்த மாதமே பாருங்கள். இல்லையென்றால் குத்தகை ரசீதுகளையும் அடங்கல் நகலையும் வைத்துப் பதிவுக்கு மனு செய்யுங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.