கொலையாளியைப் பெண்ணாக மாற்றினால் மரபை மீறியதாகிவிடுமா?

கேள்வி: நான் காட்சித் தொடர்பியல் மூன்றாமாண்டு மாணவி. ஐந்து பேர் சேர்ந்து ஒரு திரில்லர் படத்தின் தொடக்கக் காட்சியை மட்டும் மூன்று நிமிடத்துக்குள் எடுத்துத் தர வேண்டும். ‘திரில்லர் மரபுகளை எங்கே பயன்படுத்தினீர்கள், எங்கே மீறினீர்கள்’ என்று அறிக்கையும் எழுத வேண்டும். இரவு, மழை, முகத்தை மறைத்த உருவம், கத்தி, கடிகாரச் சத்தம், கடைசியில் ஓர் அலறல் என்று திரைக்கதை எழுதினோம். மீறலுக்காகக் கொலையாளியைப் பெண்ணாக வைத்தோம். ‘புதுமை இல்லை’ என்று பேராசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். கல்லூரிக்கு எதிரே உள்ள எடிட்டிங் கடையில் ‘திரில்லர் பேக்கேஜ்’ பன்னிரண்டாயிரம் ரூபாய் என்கிறார்கள். திரைப்பட விழாச் சான்றிதழும் வாங்கித் தருவார்களாம். அதற்குத் துறையில் கூடுதல் மதிப்பெண் உண்டு. பணம் கொடுக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கொடுக்காதீர்கள். ஏனென்று பிறகு சொல்கிறேன். இப்போதே தொடங்கினால் முழுப் பதிலும் அந்தக் கடையைத் திட்டுவதிலேயே போய்விடும்.

உங்கள் பேராசிரியர் சொன்னது சரி. ஆனால் அதனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. ‘புதுமை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட அரை நிமிடம் போதும். எது பழையது, ஏன் பழையதாகத் தெரிகிறது என்று சொல்லத்தான் ஆசிரியர் வேண்டும். மதிப்பெண் தாளும் தன் பங்குக்குக் குழப்புகிறது. மரபைப் பயன்படுத்தியதற்கு ஒரு கட்டம், மீறியதற்கு அடுத்த கட்டம். அதைப் பார்க்கும் மாணவர்கள் ஐந்தாறு வழக்கங்களை வரிசையாக அடுக்கிவிட்டு, கடைசியில் ஒரு மீறலை ஒட்டவைக்கிறார்கள். நீங்கள் செய்திருப்பதும் அதுதான்.

எளிய சோதனை ஒன்று இருக்கிறது. அந்தப் பெண் பாத்திரத்தில் மறுபடியும் ஓர் ஆணை நிறுத்திப் பாருங்கள். எந்த ஷாட்டாவது மாறுகிறதா? கேமரா நிற்கும் இடம், ஷாட்டை வெட்டும் இடம், ஒலி எதுவும் மாறாது. முகத்தை வேறு மறைத்துவிட்டீர்கள். அது பெண் என்று பார்வையாளருக்குத் தெரியவே இரண்டரை நிமிடம் ஆகும். அதுவரை அவர் பார்ப்பது ஏற்கெனவே பலமுறை பார்த்த படத்தை. பெண் கொலையாளிகளும் திரையில் எப்போதோ வந்துவிட்டார்கள்.

மரபு என்பது கத்தியோ மழையோ அல்ல. அவற்றைப் பார்த்ததும் ‘அடுத்து இதுதான் நடக்கும்’ என்று பார்வையாளர் மனத்தில் எழும் எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பை முதலில் உறுதியாக எழுப்பினால்தான் பிறகு அதை ஏமாற்ற முடியும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மீறினால் திரில்லர் பார்க்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. ஆகவே ஒன்றை மட்டும் மீறுங்கள். மற்றவற்றை ஒழுங்காகச் செய்யுங்கள்.

எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். தயாரித்த ‘அந்த நாள்’ 1954இல் வெளிவந்தது. பாட்டே இல்லாத தமிழ்ப் படம் என்றுதான் எல்லோரும் அதைப் பற்றிச் சொல்வார்கள். உங்களுக்கு அதைவிடப் பயனுள்ளது அதன் தொடக்கம். ‘பராசக்தி’ வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. மக்கள் பார்க்க வந்தது சிவாஜி கணேசனை. படம் தொடங்கிய உடனேயே அவர் சுடப்பட்டுச் செத்துவிடுகிறார். நாயகன் கடைசிவரை இருப்பான் என்ற ஒரே ஒரு எதிர்பார்ப்பு உடைகிறது. அதன் பிறகு வருவதெல்லாம் துப்பறியும் கதையின் பழகிய தடம்: பக்கத்து வீட்டுக்காரர், காவல்துறை, ஒவ்வொருவராக விசாரணை, ஆளுக்கொரு கதை. அந்தத் தடம் அவ்வளவு பழக்கமானதாக இருப்பதால்தான் அந்த முதல் குண்டு நம்மை அசைக்கிறது.

இப்போது உங்கள் படத்துக்கு வருகிறேன். மழையை எடுத்துவிடுங்கள். குழாய்த் தண்ணீரை அடித்தால் மழை வந்துவிடாது. பின்னாலிருந்து வெளிச்சம் விழாவிட்டால் கேமராவில் ஒரு துளிகூடத் தெரியாது. அதற்கான விளக்கு உங்களிடம் இல்லை. இரவையும் எடுத்துவிடுங்கள். உங்கள் படத்தை வெளித்தேர்வாளர் எங்கே பார்க்கப்போகிறார்? திரைச்சீலை சரியாக மூடாத ஒரு வகுப்பறையில், விளக்கு மங்கிப்போன ஒரு புரொஜெக்டரில். நீங்கள் எவ்வளவு நுட்பமாக இருட்டைப் படம் பிடித்திருந்தாலும் சுவரில் ஒரு சாம்பல் நிறச் சதுரம்தான் தெரியும். கேமராவுக்கு லட்சக்கணக்கில் செலவழித்த துறைகள் ஒரு கறுப்புத் திரைச்சீலை வாங்குவதில்லை. மாலை மங்கும் நேரத்திலோ பகலிலோ எடுங்கள். வேண்டிய அளவு பிறகு கணினியில் மங்கலாக்கிக்கொள்ளலாம்.

கத்தியையும் காட்டாதீர்கள். ஆயுதத்தைக் காட்டியதும் அது எதற்கு என்று பார்வையாளருக்குத் தெரிந்துவிடும், அவர் காத்திருக்கவே தேவையில்லை. பொம்மைத் துப்பாக்கியும் வேண்டாம். அதோடு தெருவில் இறங்கினால் காவல் நிலையத்தில்தான் அடுத்த காட்சி.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைப் பலரும் தப்பாகவே கையாள்கிறார்கள் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். வீட்டில் தினமும் வேலை செய்யும் பொருள் என்றால் காட்டலாம். அரிவாள்மணையை எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்படித் தரையில் நிமிர்ந்து நிற்கிறது. ஒரு பெண் மணையில் உட்கார்ந்து வாழைக்காய் நறுக்குகிறாள். அது முதலில் தன் வேலையைச் செய்தாக வேண்டும். வெட்டும் பொருள் என்பது வாழைக்காயின் மூலமே நமக்குத் தெரிய வேண்டும். அதற்கென்று தனியாக குளோஸ்-அப் வைக்காதீர்கள், பளபளக்கும் ஒலி சேர்க்காதீர்கள். இரண்டையும் செய்தால் அது மறுபடி கத்தியாகிவிடும். யாரும் அதைக் கையில் எடுத்து ஓங்கவும் கூடாது. ஓங்கிய கணத்தில் விதிவிலக்கு போய்விடும். அடுப்பில் குக்கர் இருக்கிறது. ஒரு விசில் வருகிறது. கூடத்தில் தொலைபேசி ஒலிக்க, பாதி நறுக்கிய காயை அப்படியே விட்டுவிட்டு அவள் எழுந்து போகிறாள். கேமராவும் அவளோடு போய்விட வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது விசில். நம் வீட்டில் வளர்ந்த எவரும் இந்நேரம் எண்ணத் தொடங்கியிருப்பார். உங்கள் கடிகாரச் சத்தம் செய்ய முடியாத வேலையை இது செய்துவிடும். மூன்றாவது விசில் வரவில்லை. அவள் பேச்சு தடுமாறுகிறது, காது அடுப்படிப் பக்கம் திரும்புகிறது. உள்ளே போகிறாள். அடுப்பு அணைந்திருக்கிறது. காய் அப்படியே இருக்கிறது. அரிவாள்மணை நின்ற இடம் காலி. டைட்டில்.

வெளியிலிருந்து யாரோ வரப்போகிறார்கள் என்று காத்திருக்க வைத்தோம். ஆள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறான். மீறல் அவ்வளவுதான். தனியாக இருக்கும் பெண், தொலைபேசி, எண்ணப்படும் நேரம் என்று மீதி எல்லாம் பழைய மரபு. கொலை இல்லை, இரத்தம் இல்லை, முகமூடி இல்லை. பகல் வெளிச்சம்.

இதை அப்படியே எடுத்துவிடாதீர்கள். இந்தப் பதிலைப் படிக்கும் வேறு நான்கு குழுக்களும் குக்கரோடு வந்து நிற்கும். உங்கள் வீட்டில் என்ன இருக்கிறதென்று பாருங்கள். எதை எடுத்தாலும் உண்மையான கூர்முனையும் நடிப்பவரின் கையும் காலும் ஒரே பிரேமில் வேண்டாம். நறுக்குவதைத் தனியாக, பழக்கமுள்ளவரை வைத்து எடுங்கள், மற்ற ஷாட்டுகளுக்கு அட்டையும் அலுமினியத் தாளும் போதும்.

மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரியாவிட்டால் கிடைப்பது பதினைந்து விநாடி அதிர்ச்சி. தெரிந்திருந்தால் பதினைந்து நிமிடப் பதற்றம் என்று திரில்லர் இயக்குநர் ஹிட்ச்காக் சொன்னதை உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருப்பார்கள். 1958இல் ஆர்சன் வெல்ஸ் எடுத்த ‘டச் ஆஃப் ஈவில்’ படத்தின் முதல் ஷாட் அதன் நேரடிச் செயல்விளக்கம். கார் டிக்கியில் ஒருவன் குண்டு வைக்கிறான். மூன்று நிமிடத்துக்கு மேல் வெட்டே இல்லாமல் கேமரா அந்தக் காரைத் தெருத்தெருவாகப் பின்தொடர்கிறது. அதன் மேல் ஸ்டுடியோ டைட்டில் எழுத்துகளை ஓட்டிவிட்டது. 1998இல் படத்தை மறுபடி தொகுத்தபோதுதான் அந்த எழுத்துகள் நீக்கப்பட்டன. உங்கள் குழுவில் யாராவது பதற்றமான ஷாட்டின் மேல் பெயர் போடலாம் என்றால் இதைச் சொல்லுங்கள்.

படப்பிடிப்பில் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பெரும்பாலான கைபேசிகள் தாமாகவே விநாடிக்கு 30 பிரேம் வைத்துக்கொள்ளும். குழல்விளக்கின் கீழ் எடுத்தால் படத்தில் பட்டை ஓடும். 25 பிரேம், ஷட்டர் வேகம் 1/50 விநாடி என்று கைமுறையாக வையுங்கள். விளக்கு நடுங்குவது திரில்லருக்குப் பொருத்தம் என்று வாய்மொழித் தேர்வில் சமாளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், யாரும் நம்புவதில்லை. இன்னொன்று ஒலி. திரில்லர்களில் அடியில் உறுமும் அந்தக் கீழ் ஸ்தாயி இசையை மடிக்கணினியின் ஒலிபெருக்கியால் தர முடியாது, தேர்வாளர் காதில் விழப்போவதே இல்லை. விசில், கதவுத் தாழ்ப்பாள், செருப்பு போன்ற மேல் ஸ்தாயி ஒலிகளை நம்புங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள். யாரும் பேசாமல் அந்த அறையின் ஒலியை மட்டும் அரை நிமிடம் தனியாகப் பிடித்து வையுங்கள். வெட்டுகளை ஒட்டும்போது அது உதவும்.

அறிக்கையில் ‘பதற்றத்தை உருவாக்க மங்கலான ஒளியைப் பயன்படுத்தினோம்’ என்று எழுதாதீர்கள்; எல்லா அறிக்கையிலும் அந்த வரி இருக்கிறது. கதை தெரியாத மூன்று பேருக்குப் படத்தைப் போட்டு நாற்பதாவது விநாடியில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று கேளுங்கள். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டு, நீங்கள் என்ன கொடுத்தீர்கள் என்று விநாடிக் கணக்கோடு கீழே எழுதுங்கள். மூவரும் ஒரே பதிலைச் சொன்னால் அதுதான் மரபுக்குச் சான்று. மூவரும் வெவ்வேறாகச் சொன்னால் எதிர்பார்ப்பு இன்னும் எழவில்லை என்று பொருள், எடிட்டிங்குக்குத் திரும்புங்கள்.

இனி அந்தக் கடை. ‘திரில்லர் பேக்கேஜ்’ என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்: இரத்தம் வழியும் எழுத்தில் ஒரு டைட்டில், நீலப் பச்சை நிறம், எங்கிருந்தோ இறக்கிய இசை, ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு ‘டும்’. போன ஆண்டு மாணவர்களுக்குச் செய்ததில் பெயரை மட்டும் மாற்றுவார்கள். நீங்கள் மீற நினைக்கும் வழக்கங்களைப் பன்னிரண்டாயிரம் கொடுத்துத் திரும்ப வாங்குகிறீர்கள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு உங்கள் தேவைக்கு மிஞ்சியது. இசை கட்டாயம் வேண்டுமென்றால் யூடியூபின் ஒலி நூலகத்தில் இலவசமாக இருக்கிறது. சில பாடல்களுக்கு உருவாக்கியவர் பெயரைப் போட வேண்டும், நிபந்தனையைப் படியுங்கள். ‘காப்புரிமைப் பிரச்சினை வராது’ என்று கடைக்காரர் வாயால் சொல்வது உரிமமாகாது. யூடியூபில் ஏற்றிய மறுநாள் உரிமைக் கோரிக்கை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

சான்றிதழ் இன்னும் மோசம். மாதந்தோறும் விருது வழங்கும் இணையவழித் ‘திரைப்பட விழா’க்கள் ஏராளம். திரையிடும் அரங்கு இருக்காது, நடுவர் பெயர் இருக்காது, நுழைவுக் கட்டணம் மட்டும் இருக்கும். சிறந்த படம், சிறந்த மாணவர் படம், சிறந்த அறிமுகப் படம் என்று பிரிவுகள் முப்பது நாற்பது. பணம் கட்டியவர் எதிலாவது ஒன்றில் தேர்வாகிவிடுவார். கோப்பை வேண்டுமென்றால் தனிக் கட்டணம். இடையில் கடைக்காரருக்குத் தரகு. இதற்கு மதிப்பெண் உண்டென்று துறை அறிவித்ததால்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. தாளை வாங்கிக் கோப்பில் வைப்பவர்கள் அந்த விழா எந்த ஊரில் நடந்தது என்று ஒருமுறை கேட்டால் போதும், பாதிக் கடை மூடிவிடும். கேட்க மாட்டார்கள். நீங்களாவது கேளுங்கள்: கடந்த ஆண்டு எந்த அரங்கில், எந்தத் தேதியில் திரையிட்டார்கள், நடுவர் யார்? மூன்றுக்கும் பதில் இருந்தால் அனுப்பலாம், அதுவும் நேரடியாக நீங்களே.

இவ்வளவுக்குப் பிறகும் குழுவில் நான்கு பேர் கடைதான் என்று பிடிவாதம் பிடித்தால், எடிட்டிங்குக்கு மட்டும் விலை பேசுங்கள். எடுத்த காட்சிகளின் மூலப் பிரதியை அவர்களிடம் கொடுக்காமல் நகலைக் கொடுங்கள். மீதித் தொகையைக் கொடுப்பதற்கு முன் முடிந்த படத்தோடு எடிட்டிங் புராஜெக்ட் கோப்பையும் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் வாங்கி, கல்லூரிக் கணினியில் திறக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் போனால், வாய்மொழித் தேர்வுக்கு முந்தைய நாள் பேராசிரியர் கேட்கும் ஒரு சிறு திருத்தத்துக்கு மறுபடி இரண்டாயிரம் கேட்பார்கள்.