யாருடைய சாப்பாடு?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை. எனக்கு வயது 37. சிங்கப்பூரில் வீடு செங்காங்கில், வேலை ஜூரோங்கில், அதனால் ரயிலில் நிறைய நேரம் போகிறது. சிறு வயதில் எங்கள் வீட்டில் வீடியோ விளையாட்டுகளுக்கு அனுமதி கிடையாது. போன மாதம் அலுவலக நண்பர் ஒருவர் சொன்னதால் ‘க்ரோனோ ட்ரிகர்’ என்ற பழைய ஜப்பானிய விளையாட்டைக் கைப்பேசியில் வாங்கி ஆடத் தொடங்கினேன். இந்த வகை விளையாட்டே எனக்குப் புதிது.

நன்றாக இருக்கிறது. இசை அருமை. எதையும் தவறவிட்டுவிடக் கூடாது என்று இணையத்தில் கிடைத்த வழிகாட்டி ஒன்றைப் பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொண்டு ஆடுகிறேன். தொடக்கத்தில் வரும் நீதிமன்றக் காட்சியில் ஏழு நடுவர்களும் என்னைக் குற்றமற்றவன் என்றார்கள். என்னென்ன செய்தால் அப்படி வரும் என்பதை முன்பே படித்துவிட்டேன்!

இதை இலக்கியம் என்று சொல்லலாமா? இந்த நேரத்தில் ஒரு புத்தகம் படிக்கலாமே என்கிறார் மனைவி. சண்டைகள் சில இடங்களில் சலிப்பாக இருக்கின்றன, எனக்கு மட்டும்தானா? எட்டு வயது மகளிடம் கொடுக்கலாமா, ஆங்கிலத்தில் இருப்பதால் அவள் தமிழ் கெட்டுவிடுமா? இதை முடித்த பிறகு எதை ஆடலாம்?

பெயரைப் போட வேண்டாம். அலுவலகத்தில் கேலி செய்வார்கள்.

செங்காங் வாசகர்

*

அன்புள்ள தம்பி,

பெயரைப் போடவில்லை. வார இறுதியில் கோல்ஃப் ஆடுகிறவர்களும், இரவெல்லாம் கால்பந்து பார்த்துவிட்டுக் கண் சிவந்து வருகிறவர்களும் உங்கள் அலுவலகத்தில் பெயரை ஒளித்துக்கொண்டா திரிகிறார்கள்? சொந்தப் பணத்தில் ஒரு விளையாட்டை வாங்கி, யாருக்கும் தொந்தரவில்லாமல் ரயிலில் ஆடுகிறீர்கள். இதில் மறைக்க என்ன இருக்கிறது? சரி, உங்கள் விருப்பம்.

இலக்கியமா என்ற கேள்வியைத் தொடப்போவதில்லை. இல்லை என்று நான் சொன்னால் ஆடுவதை நிறுத்திவிடுவீர்களா? உங்களுக்கும் மனைவிக்கும் நடுவில் வந்து பஞ்சாயத்து செய்வதாகவும் இல்லை. சண்டைகள் எல்லோருக்கும்தான் சலிக்கும். அந்தக் காலத்து மற்ற விளையாட்டுகளில் நாலடி நடப்பதற்குள் கண்ணுக்குத் தெரியாத எதிரி பாய்ந்து வழிமறிப்பான். இதில் பெரும்பாலானவர்கள் கண்முன்னே நிற்கிறார்கள், சிலரைச் சுற்றிக்கொண்டு நழுவிவிடலாம். அந்த மட்டில் இரக்கமுள்ள விளையாட்டு. இசையைப் புகழ்ந்திருந்தீர்கள். யசுனோரி மிட்சுடா அதற்கு இசையமைத்தபோது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். வயிற்றுப்புண் வருமளவுக்கு உழைத்துப் படுத்துவிட்டார். மிச்சத்தை நோபுவோ உயெமாட்சு முடித்துக் கொடுத்தார். அந்த இசையை ரயில் இரைச்சலோடு சேர்த்துக் கேட்காதீர்கள், ஒரு நல்ல இயர்ஃபோன் வாங்குங்கள்.

இவையெல்லாம் இருக்கட்டும். “முன்பே படித்துவிட்டேன்!” என்று எழுதி, பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியும் போட்டிருக்கிறீர்களே, அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்கள்மீது மட்டுமான கோபம் இல்லை. ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ‘க்ரோனோ ட்ரிகர்’ 1995 மார்ச்சில் சூப்பர் ஃபேமிகாம் என்ற வீடியோ விளையாட்டுக் கருவிக்காக ஜப்பானில் வெளிவந்தது. வெளியிட்டது ஸ்கொயர் நிறுவனம். ‘ஃபைனல் ஃபேன்டசி’ விளையாட்டை உருவாக்கிய ஹிரோனோபு சகாகுச்சி, ‘டிராகன் குவெஸ்ட்’ விளையாட்டை உருவாக்கிய யூஜி ஹோரி, ‘டிராகன் பால்’ சித்திரக்கதை வரைந்த அகிரா தொரியாமா ஆகிய மூவரும் அதில் சேர்ந்து உழைத்தார்கள். கதை ஒரு திருவிழாச் சந்தையில் தொடங்குகிறது. நாயகன் ஒரு பெண்மீது மோதுகிறான், அவள் கழுத்துப் பதக்கம் தெறித்து விழுகிறது. முதலில் அவளை எழுப்பலாம், முதலில் பதக்கத்தையும் எடுக்கலாம். ஒரு சிறுமி பூனையைத் தொலைத்துவிட்டு நிற்கிறாள். தேடிக் கொடுக்கலாம், கண்டுகொள்ளாமலும் போகலாம். ஒரு மேசைமேல் யாருடைய சாப்பாடோ இருக்கிறது. தின்றால் தெம்பு கூடும். அந்தப் பெண் மிட்டாய்க் கடையில் நின்றால், அவள் வாங்கும்வரை பொறுத்திருக்கலாம், இழுத்துக்கொண்டும் ஓடலாம். இவற்றில் எதையும் விளையாட்டு முக்கியம் என்று சொல்வதில்லை. சந்தையின் சந்தடியில் எல்லாம் கடந்து போய்விடும்.

அதன்பிறகு நெடுந்தூரம் போய்த் திரும்பி வரும்போது நாயகனைப் பிடித்துக் கூண்டில் ஏற்றுகிறார்கள். அந்தப் பெண் இளவரசியாம், இவன் அவளைக் கடத்தினானாம். சாட்சிகள் வருகிறார்கள். சாப்பாட்டைப் பறிகொடுத்த முதியவர் வருகிறார். பூனைச் சிறுமி வருகிறாள். நீங்கள் மறந்தே போன அற்பக் காரியங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, இவன் எப்படிப்பட்டவன் என்று கேட்கிறார்கள்.

தம்பி, அந்தக் காட்சிக்கு அதைத் தவிர வேறு சக்தியே இல்லை. தெரியாமல் போய் மாட்டிக்கொள்ள வேண்டும். நீங்கள் அந்தச் சந்தைக்குள் கேள்வித்தாளையும் விடைத்தாளையும் சேர்த்துக் கையில் வைத்துக்கொண்டு நுழைந்திருக்கிறீர்கள். பூனையை யாருக்காகத் தேடினீர்கள், சிறுமிக்காகவா, ஏழு நடுவர்களுக்காகவா? இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தீர்ப்பு எதுவானாலும் அவனைச் சிறையில்தான் தள்ளுகிறார்கள், நீங்களே பார்த்தீர்கள். நல்லவன் என்று பெயரெடுத்தால் அறைக்குள் சில மருந்துப் புட்டிகள் கிடைக்கும். அந்தப் புட்டிகளுக்காகவா இத்தனை முன்தயாரிப்பு?

இந்தக் கோபம் உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குள் இருந்தது. சில வாரங்களாக என் மேசையில் மாணவர் கதைகள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன, ஒரு போட்டிக்கு நடுவராக ஒப்புக்கொண்டதன் பலன். கதிரவன் தன் பொற்கரங்களை விரித்தபடியே கதை தொடங்கும். ஒரு மாணவன் உணவங்காடி நிலையத்தில் பணப்பை ஒன்றைக் கண்டெடுப்பான். கொஞ்சம்கூடத் தயங்காமல் உரியவரிடம் சேர்ப்பான். மறுநாள் பள்ளியில் தலைமையாசிரியர் எல்லோர் முன்னிலையிலும் அவனைப் பாராட்டுவார், கைதட்டல் விண்ணைப் பிளக்கும். ஒரு கதையிலாவது யாரும் பார்க்காமல் அந்தப் பை திரும்பிப் போயிருக்கக் கூடாதா? ஒரு பையனாவது பத்து வெள்ளியை உருவிக்கொண்டு இரவெல்லாம் தூங்காமல் புரண்டிருக்கக் கூடாதா? பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட மாதிரிக் கட்டுரைகள் அப்படி. துணைப்பாட நிலையங்களில் அச்சடித்துக் கொடுத்த தொடர்களை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள், அதற்கு மதிப்பெண்ணும் கிடைக்கிறது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதி முடித்து இருபத்தைந்து ஆண்டு ஆன நீங்கள் யாருக்குப் பயந்து மாதிரி விடையைப் பார்க்கிறீர்கள்?

இந்த ஊரில் பண்பையும் இயக்கம் நடத்தித்தான் வளர்த்தோம். 1979இல் பண்பன்பு இயக்கம் தொடங்கியது, 1982இல் அதற்குச் சிங்கா என்ற சிங்கம் சின்னமாக வந்தது, 2013இல் அந்தச் சிங்கம் அலுத்துப்போய் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதிவிட்டுப் பதவி விலகியது. நான் கேலி செய்யவில்லை. சுவரொட்டியைப் பார்த்து எழுந்து இடம் கொடுத்தாலும் அந்த மூதாட்டிக்கு இருக்கை கிடைத்ததே. ஆனால் சுவரொட்டி இல்லாத ரயில் பெட்டியில் நாம் என்ன செய்கிறோம் என்பதை ஒரு வீடியோ விளையாட்டு கேட்கிறது என்றால், அதற்கு இடம் கொடுங்கள்.

1996 தொடக்கத்தில் ஏ நிலைத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். அப்போது நாங்கள் தோ பாயோவில் இருந்தோம். பக்கத்து வீட்டுச் சீனப் பையனிடம் சூப்பர் ஃபேமிகாம் இருந்தது; அவனுடைய மாமா வாங்கிக் கொடுத்தது. விளையாட்டு முழுக்க ஜப்பானிய மொழியில். தாழ்வாரத்துப் பிள்ளைகள் எல்லோரும் அவன் வீட்டுத் தரையில்தான் கிடந்தோம், அவர்களில் நான்தான் பெரியவள். அவனுக்கு ஜப்பானிய மொழி தெரியாது. நடுநடுவே வரும் சீன எழுத்துகளைப் பள்ளியில் படித்த அளவுக்கு வாசித்து, இடையில் உள்ளதை ஊகித்து, அரைகுறை ஆங்கிலத்தில் கதை சொல்வான். பாதி அவனே கட்டியது என்பது பல ஆண்டுகள் கழித்து ஆங்கிலப் பதிப்பை ஆடியபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவனுடைய கதையில் இளவரசிக்கு ஒரு மாற்றாந்தாய் உண்டு. உண்மையில் அப்படி யாரும் இல்லை. எனக்கு இன்றும் அந்த மாற்றாந்தாய் இல்லாதது ஒரு குறையாகவே தெரிகிறது.

சந்தையில் பாட்டுப் பாடிக்கொண்டே சண்டை போடும் ஓர் இயந்திர மனிதன் உண்டு. அவனிடம் அடிவாங்கித் தெம்பு குறைந்து வந்தான் எங்கள் பையன். மேசைமேல் சாப்பாடு. தின்றுவிட்டான். பிறகு நீதிமன்றத்தில் அந்த முதியவர் வந்து நின்றதும் கட்டைக்குரலில் அலறினான் பாருங்கள், சமையலறையிலிருந்து அவன் பாட்டி கரண்டியோடு ஓடி வந்தார். யாரும் சொல்லவில்லையே, யாரும் சொல்லவில்லையே என்று திரும்பத் திரும்பக் கத்தினான். அவனுக்கு உண்மையாகவே முகம் சிவந்துவிட்டது.

அதன்பிறகு எங்களுக்குள் யாரும் பேசி வைக்காமலே ஒரு சட்டம் உருவானது. புதிதாக யார் ஆட வந்தாலும் சாப்பாட்டைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. நாலாவது வீட்டு அக்காள் தங்கை வந்தார்கள், தின்றார்கள். கீழ்மாடிப் பையன் வந்தான், தின்றுவிட்டுப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தான். நாங்கள் சுவரைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டோம்.

கோடி வீட்டு மலாய்ப் பையன் வந்த அன்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பத்து வயது இருக்கும். அவனும் இயந்திர மனிதனிடம் நன்றாக அடிவாங்கியிருந்தான். மேசைக்குப் போனான், நின்றான், நகர்ந்துவிட்டான். ஏன் எடுக்கவில்லை என்று பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டோம். அவன் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, தான் நோன்பு என்றான். அது நோன்பு மாதம். சீனப் புத்தாண்டும் நோன்புப் பெருநாளும் அடுத்தடுத்து வந்த ஆண்டு. நோன்பு உனக்குத்தானே, திரையில் இருப்பவனுக்கு இல்லையே என்று சீனப் பையன் வாதாடினான். திரையில் இருப்பவனும் தான்தானே என்றான் அவன்.

உங்கள் வழிகாட்டியில் இதற்கு எந்தப் பக்கம், தம்பி? அங்கே சாப்பாட்டைத் தொடாதே என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். பார்க்கப்போனால் உங்களுக்கும் அந்தப் பையனுக்கும் ஒரே தீர்ப்பு. அவனுடையது அவன் வீட்டிலிருந்து வந்தது.

ஜப்பானிலேயே இந்த விளையாட்டுகளுக்குக் கனத்த வழிகாட்டிப் புத்தகங்கள் விற்றன என்று யாராவது எழுதப்போகிறீர்கள். தெரியும். அதற்கான வசதியை விளையாட்டை ஆக்கியவர்களே பின்னால் வைத்திருக்கிறார்கள். ஒரு முறை முடித்துவிட்டால், சேர்த்த வலிமையோடு மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். முடிவுகள் மட்டும் பத்துக்கு மேல் உண்டு. எதையும் தவறவிடக் கூடாது என்ற கியாசுப் புத்தியை அங்கே கொண்டுபோய்க் கொட்டுங்கள். வழிகாட்டி, பட்டியல், பென்சில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள், நானே வந்து பக்கத்தில் உட்காருகிறேன். முதல் முறை மட்டும் அந்த உலாவிப் பக்கத்தை மூடிவிடுங்கள். நீதிமன்றம் உங்களுக்குப் போய்விட்டது, அதை இனித் திருப்பித் தர முடியாது. ஆனால் இன்னும் பெரும்பகுதி மிச்சமிருக்கிறது. ஒரு காடு வரும். அதற்குமேல் என்னிடம் ஒரு சொல் வராது.

வழியில் சிக்கிக்கொண்டால் ஊர்க்காரர்களிடம் மறுபடி பேசிப் பாருங்கள், அவர்கள் சும்மா நிற்பதில்லை. அப்படியும் வழி தெரியாவிட்டால் கைப்பேசியை மூடிவிட்டு ஜன்னலைப் பாருங்கள். செங்காங்கிலிருந்து வருகிறவருக்கு அந்தப் பாதாள ரயிலில் பார்க்க ஒன்றும் இருக்காது, ஊட்ரம் பார்க்கில் மாறி, ரயில் தரைக்கு மேலே ஏறும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து எதை ஆடலாம் என்பதை இதை முடித்துவிட்டுக் கேளுங்கள். ஒரு சாப்பாட்டின் நடுவே அடுத்த வேளைக்கு என்ன என்று கேட்கிற பழக்கம் எனக்குப் பிடிக்காது.

மகளிடம் தாராளமாகக் கொடுங்கள். அவளுடைய தமிழ் ஒரு விளையாட்டினால் கெடாது. வீட்டில் அதைப் பேச ஒரு காரணம் இல்லாவிட்டால்தான் கெடும். காரணம் இதோ இருக்கிறது. பக்கத்தில் உட்காருங்கள். சந்தையில் அவள் என்ன செய்தாலும் வாயைத் திறக்காதீர்கள், இருமக்கூடச் செய்யாதீர்கள். நீதிமன்றம் முடிந்ததும் ஏன் அப்படிச் செய்தாய் என்று தமிழில் கேளுங்கள். சாப்பாட்டைத் தின்றிருந்தால் அந்த முதியவருக்கு அவள் என்ன பதில் வைத்திருக்கிறாள் என்பதை எனக்கு எழுதுங்கள். அதை நிச்சயம் வெளியிடுவேன், அவள் சம்மதித்தால் பெயரோடு.

அன்புடன்,
அக்கா