மெஷினா, கையா? தையல் கேள்விகளும் பதில்களும்

தையல் இப்போதுதான் பழகுகிறேன். 12 வகைத் தையல் உள்ள மெஷின் போதுமா, 60 வகை வரும் கம்ப்யூட்டர் மெஷினே வாங்கிவிடலாமா?

எண்ணிக்கையை விடுங்கள். உடை தைக்க அன்றாடம் வேண்டியவை நேர்த்தையல், ஜிக்ஜாக் (வளைந்து வளைந்து போகும் தையல்), காஜா (பட்டன் துளை) ஆகிய மூன்றுதான். தையலின் நீளத்தையும் அகலத்தையும் தனித்தனியாக மாற்ற முடிகிறதா என்பதே முக்கியம். சில மாடல்களில் ஒரே திருகுதான் இருக்கும். தையல் வகையைத் தேர்ந்ததும் நீளமும் அதோடு நிலையாகிவிடும். வழக்கமான 2.5 மி.மீ.யிலிருந்து 4 மி.மீ.க்கு நீட்ட முடியாவிட்டால், இரண்டு வரி நீளத் தையல் போட்டுச் சுருக்கம் இழுக்கக்கூட முடியாது.

கடைக்குப் போகும்போது நீங்கள் தைக்கப்போகும் துணியில் துண்டுகள் எடுத்துப்போங்கள். கடையில் தரும் விறைப்பான காட்டன் துண்டில் எந்த மெஷினும் அழகாகத் தைக்கும். வழுக்கும் மெல்லிய துணி ஒன்று, ஜீன்ஸ் துணி ஒன்று அவசியம். ஜீன்ஸின் ஒரு பகுதியை மட்டும் மூன்று மடிப்பாக மடித்து, தட்டையான இடத்திலிருந்து மேட்டின் மேல் ஏற்றித் தையுங்கள். மேட்டில் தையல் குறுகி அதே இடத்தில் குத்திக்கொண்டு நின்றால், அந்த மெஷினுக்குத் தடித்த துணியை இழுக்கும் வலு இல்லை. பிறகு பெடலை மெல்ல அழுத்துங்கள். ஊசி ஒவ்வொரு குத்தாக இறங்க வேண்டும். முதலில் உறுமிவிட்டுச் சட்டென்று பாயும் மெஷின் புதியவர்களைத் தடுமாற வைக்கும், அதை வாங்காதீர்கள்.

ஸ்டேப்ளர் போலக் கையில் பிடித்துத் தைக்கும் குட்டி மெஷின் பயன்படுமா?

உடை தைக்கப் பயன்படாது. அதில் ஒரே நூல்தான், அடிநூல் சுற்றிய பாபின் கிடையாது. விழுவது சங்கிலித் தையல். கடைசி வளையத்துக்குள் நூல் நுனியை நுழைத்து முடிச்சுப் போடாவிட்டால், நுனியை இழுத்ததும் முழு வரியும் உருவிக்கொண்டு வந்துவிடும்.

தொழிற்சாலையில் ஓடும் பவர் மெஷினை வீட்டுக்கு வாங்கலாமா?

தினமும் பல மணி நேரம் நேர்த்தையலே போடுகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்கலாம்; வீட்டு மெஷின் அந்த உழைப்பைத் தாங்காது. ஆனால் சாதாரண ஒற்றை ஊசிப் பவர் மெஷினில் ஜிக்ஜாக்கும் இல்லை, காஜாவும் இல்லை. பழைய கிளட்ச் மோட்டார் நிற்காமல் சுழன்று இரையும். சர்வோ மோட்டார் மிதிக்கும்போது மட்டும் ஓடும், வேகத்தையும் குறைத்து வைக்கலாம். வீட்டுக்கு சர்வோதான் சரி. ஊசியும் வேறு: வீட்டு மெஷின் ஊசியின் தண்டில் ஒரு பக்கம் தட்டை, இதில் முழு உருண்டை. ஒன்றுக்கு மற்றதை மாற்றிப் போட முடியாது.

கையால் தைத்தால் மெஷின் அளவுக்கு உறுதி வருமா? எதைக் கையால் தைப்பது?

கெட்டித் தையல் போட்டால் உறுதி வரும். ஒவ்வொரு குத்துக்கும் பின்னால் போய் முன்னால் வருவதால் அடியில் நூல் ஒன்றன்மேல் ஒன்று படிகிறது. ஊசியை முன்னோக்கி மட்டும் ஓட்டும் வெறும் ஓட்டுத் தையல் உடையின் பக்கவாட்டு இணைப்புக்குத் தாங்காது. எடுக்கும் நேரம்தான் பிரச்சினை. ஒரு மீட்டருக்கு 3 மி.மீ. தையல் என்றால் 330க்கு மேல் குத்த வேண்டும். நிமிடத்துக்கு 600 தையல் போடும் மெஷின் அதே நீளத்தை ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடும். நீளமான இணைப்புகளை மெஷினுக்கு விடுங்கள்.

மெஷின் இருந்தாலும் கைக்கென்றே சில வேலைகள் உண்டு. வழுக்கும் துணியில் மெஷின் தையலுக்கு முன் கையால் பெரிய ஓட்டுத் தையல் போட்டுவிட்டால் மேல்துணி நகர்ந்து முடிவில் நீண்டு நிற்காது. கைப்பகுதியை உடம்போடு பொருத்தும்போதும் அப்படியே.

அடுத்தது எம்மிங், அதாவது ஓரத்தை மடித்துத் தைப்பது. மடிப்பில் தாராளமாக எடுக்கலாம், ஆனால் வெளித்துணியில் ஊசி நுனியால் ஒன்றிரண்டு இழைகளை மட்டுமே கிள்ளி எடுக்க வேண்டும். நூலைத் தளர்வாக விடுங்கள். இறுக்கினால் ஒவ்வொரு குத்திலும் வெளிப்பக்கம் குழி விழும். அயர்ன் செய்தாலும் போகாது. நூல் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, ஏறக்குறைய 45 செ.மீ. போதும். அதைவிட நீளமானால் முறுக்கிக்கொண்டு முடிச்சு விழும்.

பட்டனுக்கு மேல் ஒரு தீக்குச்சியை வைத்து அதன்மேல் நூலை ஓட்டித் தைத்து, பிறகு குச்சியை உருவுங்கள். கிடைத்த தளர்வில் பட்டனுக்கும் துணிக்கும் நடுவே நூலை நான்கைந்து சுற்றுச் சுற்றி முடியுங்கள். காஜாவின் தடிமனுக்கு இடம் கிடைக்கும், துணி இழுபடாது.

துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்குகிறது. பாபின் கேஸ் திருகை எவ்வளவு திருப்பியும் சரியாகவில்லை.

முதலில் அந்தத் திருகை விட்டுவிடுங்கள். அடியில் கொத்தாகக் கிடப்பது பெரும்பாலும் மேல்நூல். பிடி இல்லாமல் இறங்கிய நூல். துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தை இறக்கிவைத்து நூல் கோர்ப்பதுதான் வழக்கமான காரணம். பாதம் இறங்கியிருக்கும்போது மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருப்பதால் நூல் நடுவில் நுழையாமல் வெளியே வழுக்கிப் போகும்.

பாதத்தைத் தூக்கி, ஊசியை உச்சிக்குக் கொண்டுவந்து, முழுவதையும் உருவி மறுபடி கோருங்கள். பாதம் தூக்கியிருக்கும்போது நூலை இழுத்தால் தாராளமாக வர வேண்டும். இறக்கிவிட்டு இழுத்தால் ஊசியே லேசாக வளையும் அளவுக்குப் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் நூல் இன்னும் தட்டுகளுக்குள் போகவில்லை. தொடங்கும்போது இரண்டு நூல் நுனிகளையும் 10 செ.மீ. விட்டு, முதல் நான்கு தையலுக்குப் பின்பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகும் சந்தேகமா? மேலே ஒரு நிறம், பாபினில் வேறு நிறம், இரண்டும் ஒரே வகை நூலாகப் போட்டு, துணியில் குறுக்குச்சாய்வாக ஒரு வரி தைத்து இரு முனையையும் சடாரென்று இழுங்கள். எது அறுகிறதோ அந்த நூல்தான் அதிக இறுக்கம். இரண்டும் சேர்ந்து அறுந்தால் டென்ஷன் சரி.

டி-ஷர்ட் தைத்தால் போடும்போதே தையல் அறுகிறது.

துணி நீள்கிறது, நேர்த்தையலின் நூல் நீளவில்லை. அகலம் 0.5 முதல் 1 மி.மீ., நீளம் 2.5 மி.மீ. வைத்து ஜிக்ஜாக் போடுங்கள். முனை உருண்ட பால் பாயிண்ட் ஊசி, 75/11 அளவு. கூர் ஊசி பின்னல் இழையைக் குத்தி ஓட்டையாக்கும், தையலும் தாண்டும்.

வீட்டில் பல வருடம் சும்மா கிடந்த மிதி மெஷினை ஓட்டலாமா?

பல்சக்கரங்கள் நல்ல நிலையில் இருந்தால் அது புதிய மெஷினுக்குக் குறைந்ததில்லை. ஊசியை விரலால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் ஊசித்தண்டைத் தாங்கும் குழாயான புஷ் தேய்ந்திருக்கிறது, மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். ஆடவில்லை, ஆனால் சக்கரம் இறுகியிருக்கிறது என்றால் பழைய எண்ணெய் பிசினாகியிருக்கும். எண்ணெய்த் துளைகளில் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, நூல் இல்லாமல் கையால் சுற்றி, வழியும் அழுக்கைத் துடைத்தபின் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம், அதுதான் பிசினாகும்.

ஊசி மாட்டும்போது பக்கம் பாருங்கள். ஊசியில் நீளப் பள்ளம் ஓடும் பக்கத்திலிருந்துதான் நூல் நுழைய வேண்டும். ஊசிக்கு மேலே உள்ள கடைசி நூல் கொக்கி எந்தப் பக்கம் இருக்கிறதோ, பள்ளம் அந்தப் பக்கம் வர வேண்டும். திருப்பி மாட்டினால் ஒரு தையல்கூட விழாது.