இரட்டைச் சனல் ஏடிசி: கேட்டதும் சொன்னதும்

வவுனியாவிலிருந்து: அண்ணை, ஆர்டுயினோவிலேயே ஏடிசி இருக்கே. பிறகேன் தனிச் சிப்?

ஏடிசி என்றால் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி. ஆர்டுயினோ ஊனோ போர்டில் இருப்பது 10 பிட். செக்கனுக்கு ஏறக்குறைய 9,600 மாதிரி எடுக்கும், அதாவது அத்தனை தடவை அளக்கும். இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் பார்க்க அது தாராளம் தம்பி. றேடியோ அலை பிடிக்கத்தான் காணாது. ரெட் பிட்டாயா போர்டில் உள்ள எல்டிசி2145 சிப்புக்கு 14 பிட், இரண்டு சனல் (உள்ளீட்டு வழி), சனலுக்குச் செக்கனுக்கு 125 மில்லியன் மாதிரி. கூட்டிப் பார்த்தால் செக்கனுக்கு 3.5 கிகாபிட். அவ்வளவு வேகமாக வரும் தரவை உள்வாங்க எஃப்பிஜிஏ, அதாவது உள்ளிணைப்பை நாமே நிரலிடக்கூடிய சிப், வேண்டும்.

முல்லைத்தீவிலிருந்து: தம்பி, படகுக்கு 200 கிலோஹேர்ட்ஸ் எதிரொலிக் கருவி செய்கிறேன். மீன் எந்தப் பக்கம் என்று பார்க்க இரண்டு வாங்கிகள். இந்த 125 மில்லியன் சிப்பை வாங்கவா?

வேண்டாம் அண்ணை, காசு வீண். செக்கனுக்கு 1 மில்லியன் மாதிரி போதும். நீங்கள் பார்க்க வேண்டியது வேறொன்று. ‘இரண்டு சனல்’ என்று விற்கும் சில சிப்புகளுக்குள் இருப்பது ஒரே ஏடிசிதான். மாறி மாறி அளக்கும். இடையில் 1 மைக்ரோசெக்கன் பிந்தினாலே 200 கிலோஹேர்ட்ஸில் 72 பாகை அவத்தை வித்தியாசம் (அலையின் முன்பின் நகர்வு) வந்துவிடும். மீனின் திசையைக் கணக்கிடுவதே இந்த வித்தியாசத்தை வைத்துத்தான். வாங்கிகளை அரை அலைநீளம், அதாவது 4 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளி வைத்திருந்தால், நேர் கீழே நிற்கும் மீனை 24 பாகை சரிவில் காட்டும். வலையை அங்கே போட்டால் வெறும் தண்ணீர்தான். டேட்டாஷீட்டில் இரண்டு சனலும் ஒரே கணத்தில் மாதிரி எடுக்கும் என்று இருக்கிறதா பாருங்கள்.

அறிவியல் நகரிலிருந்து, பொறியியல் மாணவி: 14 பிட்டுக்குச் சிக்னல்-இரைச்சல் விகிதம் 86 டெசிபெல் வர வேண்டுமே அண்ணா? 70 மெகாஹேர்ட்ஸ் சிக்னலுக்கு எனக்கு 48தான் வருகிறது. எப்போது மாதிரி எடுப்பது என்று ஏடிசிக்குச் சொல்லும் கிளொக்கை எஃப்பிஜிஏயிலிருந்து ஜம்பர் வயரில் எடுத்தேன்.

அந்த 86 கணக்குத் தாளில்தான். இந்த வேகத்தில் நல்ல சிப்பே 73 அளவில்தான் தரும். ஆனால் 48 என்றால் ஜம்பர் வயரில்தான் என் சந்தேகம். கிளொக் விளிம்பு முன்பின்னாக ஆடினால், வேகமாக ஏறி இறங்கும் அலையில் தவறான உயரத்தை அளந்துவிடும். 70 மெகாஹேர்ட்ஸில் 48 டெசிபெல்லுக்கு 9 பைக்கோசெக்கன் ஆட்டம் போதும். 1 பைக்கோசெக்கன் ஆடினாலே 67ஐத் தாண்டாது. நானும் ஒருமுறை இரண்டு நாள் உள்ளீட்டுக் கபாசிற்றர்களைக் கழற்றி மாட்டினேன்; கடைசியில் பிழை கிளொக் வயரில். ஒன்று செய்யுங்கள்: வேறெதையும் தொடாமல் 5 மெகாஹேர்ட்ஸ் சிக்னல் கொடுத்துப் பாருங்கள். 70க்குக் கிட்ட வந்தால் கள்ளன் கிளொக்தான்.

மாங்குளத்திலிருந்து: 125 மில்லியன் மாதிரியால் 98 மெகாஹேர்ட்ஸ் எஃப்எம் பிடிக்கலாமா? மாதிரி வேகத்தின் பாதிக்கு மேல் முடியாது என்று படித்தேன்.

முடியும். 125இல் 98 போக 27. அந்த இடத்தில் வந்து நிற்கும், நிறமாலை தலைகீழாக. ஆனால் ஏடிசிக்கு முன்னால் எஃப்எம் பட்டையை மட்டும் விடும் வடிகட்டி வேண்டும். இல்லையென்றால் உண்மையிலேயே 27இல் இருப்பதும் அதன் மேல் ஏறிவிடும். போர்டின் உள்ளீடே 98ஐ மறித்தால் ஒன்றும் செய்ய முடியாது.

மாணவி மறுபடியும்: 5 மெகாஹேர்ட்ஸில் 69 வந்தது அண்ணா!

அப்போ சிப்பில் பிழையில்லை தங்கச்சி. தனிக் கிறிஸ்டல் ஒஸிலேற்றர் ஒன்றை ஏடிசிக்குப் பக்கத்திலேயே ஈயம் ஒட்டி, எஃப்பிஜிஏக்கும் அதிலிருந்தே கிளொக் கொடுங்கள். ஜம்பர் வயரைக் கழற்றிவிடுங்கள்.